சிவப்பு வால்

எனக்குத் தெரிந்து தன் பயத்தைப் பற்றிப் பெருமை பேசிய ஆள் அவர் ஒருவர்தான்.

பார்வைக்கு அப்படித் தெரியாது. ஆறடிக்கு மேல் உயரம். காதைத் தொடுகிற மீசை. மாசி மாதம் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது வீரபத்திரன் வேஷம் அவருக்குத்தான். கத்தியைச் சுழற்றிக்கொண்டு அவர் வந்தால் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் வீறிட்டு அழும். அப்பேர்ப்பட்டவர், மழை பெய்த மறுநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அத்தனை ஆட்களுக்கும் முன்னால் நின்று, "இன்னைக்கு எனக்குப் பயமா இருக்கு. கோணச்சரிவுப் பக்கம் யாரும் போகக் கூடாது" என்று தொண்டை கிழியச் சொல்வார். யாராவது சிரித்தால் இன்னும் உற்சாகம் வந்துவிடும்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. புதைஞ்சு போனவன் சிரிச்சு நான் பாத்ததில்ல" என்பார்.

அவர் ரோட்டுக் கங்காணி. தோட்டத்துப் பாதைகளையும் கான்களையும் பார்த்துக்கொள்கிற சின்னக் கூட்டத்துக்கு அவர் தலைவர். மழைத் தண்ணீர் மலையைக் கரைக்காமல் ஒதுங்கி ஓட, சரிவின் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலைத்தான் அங்கே கான் என்பார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒரு மழைக்காலம் முழுக்க மண் வாரினேன். அதற்கு முன் றொசல்லவில் ரயில் பாதைக்குக் கல் உடைத்தேன். ஹட்டனில் ஒரு கடைக்கு மூட்டை தூக்கினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. உடப்புசல்லாவைக்கும் வலப்பனைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் மழைக்காலத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு லொறிக்காரர் சொன்னார். போய் நின்றேன். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மலை சரியறதைப் பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"பயம் இருக்கா?"

"எனக்கென்னங்க பயம்?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அப்ப நீ வேணாம். போயிரு."

முந்தின நாள் காலையில் தின்ற ரொட்டிதான் வயிற்றில் இருந்தது. நான் அசையவில்லை. "கொஞ்சம் இருக்குங்க" என்றேன்.

"எவ்வளவு?"

"நீங்க எவ்வளவு இருக்கணும்னு சொல்றீங்களோ, அவ்வளவு."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் கோழிகள் கலைந்து ஓடின. "மம்பட்டியை எடுடா" என்றார்.

கோணச்சரிவு என்பது எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் கிடந்த ஒரு செங்குத்தான மலைப்பள்ளம். ஒரு காலத்தில் அதிலும் தேயிலைதான் இருந்ததாம். ஏதோ ஒரு மழையில் மலையின் ஒரு பாதி வழுக்கி ஆற்றுக்குப் போனபிறகு மாணாப்புல் மட்டும் மண்டிவிட்டது. அதன் நடுவே ஒற்றையடிப் பாதை. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் காது கேட்கும். இந்தப் பாதை வேண்டாம் என்றால் மேலே முகடு வரை ஏற வேண்டும். அங்கே முனியாண்டியாக நட்டு வைத்த ஒரு கல் உண்டு. அதைச் சுற்றி அந்தப் பக்கம் இறங்குவதற்குள் அரைநாள் போய்விடும். அதனால் எல்லாருக்கும் அந்த ஒற்றையடிப் பாதைதான் வேண்டும். எல்லாருக்கும் குறுக்கே அவர் நிற்பார்.

நல்ல நாளில்கூட அவர் சட்டம் கடுமையானது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். முன்னால் போனவர் அக்கரைப் பாறையில் ஏறிக் கையாட்டிய பிறகுதான் அடுத்தவர் கால் வைக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் போகிறவரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கொழுந்துக் கூடையோடு வருகிற பெண்கள் தலையில் மாட்டிய கயிற்றைக் கழற்றி ஒரு தோளில் மட்டும் தொங்கவிட வேண்டும். மண் வந்தால் கூடையை உதறிவிட்டு ஓடத்தான். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் முடிச்சையும் தளர்த்திக்கொள்ள வேண்டும். நடுவில் நிற்கவே கூடாது.

"அட்டை கடிக்குதுங்க கங்காணி!" என்று ஒருத்தி நடுச்சரிவில் நின்று காலை உதறுவாள்.

"கடிக்கட்டும். அது குடிக்கிறது ஒரு சொட்டு. மலை குடிச்சா முழுசாக் குடிக்கும். நடடி ஆத்தா!"

மழை விட்ட காலைகளில் முதல் வேலையாகச் சரிவுக்கு மேலே இருந்த கானைப் பார்க்கப் போவோம். தண்ணீர் எந்த நிறத்தில் வருகிறது, நேற்று இல்லாத ஊற்று எங்கே புதிதாகக் கிளம்பியிருக்கிறது, சவுக்கு மரம் எதுவும் நேற்றைக்கு இன்று சாய்ந்திருக்கிறதா, இதெல்லாம் பார்ப்பார். எல்லாவற்றையும்விட அவரைக் கலங்க வைப்பது ஒன்று உண்டு. கானின் ஒரு முனையில் நுழைகிற தண்ணீர் மறுமுனைக்கு வராமல் நடுவிலேயே காணாமல் போகும். எங்கேயோ வெடிப்பு விட்டு உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம்.

"மலை தண்ணி போடுதுடா" என்பார். "குடிச்சவன் எப்ப விழுவான்னு அவனுக்கே தெரியாது. நமக்கு எப்படித் தெரியும்?"

அவர் எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. நான் இருந்த காலம் முழுக்க அவர் சொன்னது ஒருமுறைகூடப் பலிக்கவில்லை. விழும் என்று அவர் பாதையை மறித்த நாட்களில் எல்லாம் கோணச்சரிவு சாப்பிட்டுவிட்டுப் படுத்த எருமை மாதிரி அசையாமல் கிடந்தது. ஒருநாள் கொழுந்துக்காரிகள் அத்தனை பேரையும் முகடு சுற்றி அனுப்பினார். அவர்கள் தொப்பலாக நனைந்து, குளிரில் பல் கிடுகிடுக்க, நேரம் கடந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கணக்கப்பிள்ளை குதித்தார். பெண்கள் கங்காணியின் வம்சத்தையே இழுத்து ஏசினார்கள். மாலையில் எல்லாரும் போய்ப் பார்த்தால் சரிவு அப்படியே இருந்தது, வெயிலில் பளபளத்துக்கொண்டு.

"எங்கங்க கங்காணி, சரிவைக் காணோம்? ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி ஆடவே ஆரம்பித்துவிட்டார். "நான் சொன்னது பொய்யாப் போச்சு! பாத்தீங்களா, பொய்யாப் போச்சு!" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார், பரிசு விழுந்தவன் சொல்வதைப்போல. அன்று எங்கள் கூட்டத்துக்கு அவர் குடியிருந்த காம்பராவில்தான் தேத்தண்ணி. அவர் மகள் பெரிய போணியில் கலக்கிக்கொண்டு வந்தாள். கூடவே தேங்காய் போட்ட ரொட்டியும் இடிசம்பலும்.

"ஏங்க, தோத்ததுக்கா விருந்து?" என்றேன்.

"நான் செயிச்சா எவனாவது செத்திருப்பான்டா மடையா. நான் தோத்தா எல்லாரும் வீட்டுக்கு வந்திருவாங்க. தின்னு."

இனி வாலுக்கு வருகிறேன். தோட்டம் முழுக்க அவருக்கு வால் கங்காணி என்றுதான் பேர்.

எங்கள் தோட்டத்துப் பழைய துரை ஊருக்குப் போகும்போது பங்களாப் புல்தரையில் சாமான்களைப் பரப்பி வைத்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். ஒருவர் நாற்காலி எடுத்தார், ஒருவர் குடை எடுத்தார். ஒரு பெட்டிக்குள் சிவப்பு நூல்கயிறு ஒரு கண்டு கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. எதற்கு இது என்று கங்காணிதான் கேட்டார். துரை சொன்னதை, இங்கிலீஷ் தெரிந்த தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கய்யா தமிழில் எடுத்துச் சொன்னார். அந்தக் கதையைக் கங்காணி என்னிடம் மட்டும் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அன்றுதான் கேட்டுவிட்டு வந்த மாதிரி சொல்வார்.

"அவரு வாலிபத்துல மலைமலையா நடந்தவராம். அவரு நாட்டுப் பக்கம் பனி விழுமாம்."

"நுவரெலியாவுலயுந்தான் விழுது."

"அது கொழுந்தைக் கருக்குற பனி. இது ஆளை மூடுற பனிடா. மலை மேல ஆளுசரத்துக்கும் மேல குமிஞ்சு கெடக்குமாம். புதுப் பனி விழுந்தாலும் ஆபத்து, சுள்ளுன்னு வெயில் அடிச்சாலும் ஆபத்து. சும்மா ஒருத்தன் குறுக்க நடந்தாலே போதுமாம், மொத்தமும் பாயைச் சுருட்டுன மாதிரி வழுக்கிட்டு வந்திருமாம்."

"பனியா?"

"பனிதான்! நானும் நம்பல. கண்டாக்கய்யா ரெண்டாந்தடவை கேட்டுச் சொன்னாரு. அந்தப் பக்கம் நடக்கிறவன் இந்தக் கயித்தை இடுப்புல கட்டி, பின்னால இழுத்துக்கிட்டே போவானாம். ஆள் புதைஞ்சாலும் கயிறு லேசு பாரு, அது மேல கெடக்கும். அதைப் புடிச்சுக்கிட்டே போய்த் தோண்டினா ஆளு கெடைப்பான்."

இந்த இடத்தில் அவர் குரல் தணிந்துவிடும்.

"தொரைமாருக்குப் பயமே கெடையாதுன்னு நெனச்சிருந்தேன். பாத்தா, என்னை மாதிரி ஒருத்தன் அங்கயும் இருந்திருக்கான். பயந்து பயந்து ரோசிச்சு இந்தக் கயித்தைக் கண்டுபுடிச்சிருக்கான். அவனைக் கண்டா ஒரு கும்புடு போடணும்."

ஒரு கயிறு ஊருக்குப் போதுமா? பழைய சிவப்புச் சேலைகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கினார். மாரியம்மன் திருவிழாத் தோரணத்தில் மிஞ்சிய துணியைப் பூசாரியிடம் கெஞ்சி எடுத்தார். நீளநீளமாகக் கிழித்து, மகளிடம் கொடுத்து முனை தைத்து, ஒரு சாக்கு நிறைய வால்கள் செய்தார். மழைக்காலத்தில் கோணச்சரிவைத் தாண்டுகிறவர் யாரானாலும் இடுப்பில் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆண்கள் இதற்கு மிகவும் வெட்கப்பட்டார்கள். "அனுமார் சேனை வருதுடி" என்று பெண்கள் கைகொட்டுவார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்து, ஒருநாள் கேட்டேவிட்டேன். "பனி லேசா இருக்கும். நம்மளது மண்ணு, கல்லு, மரம். வாலும் சேந்துல்ல புதைஞ்சிரும்?"

"இருக்கும்" என்றார். "ஒரு முழம் வெளியில கெடந்தாப் போதும்."

மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் புரிய வைத்தது அவர் மகள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள். அந்தப் பழைய மழையில் கோணச்சரிவு வழுக்கியபோது தேயிலைக்குள் அவள் அம்மா இருந்தாள். மழைக்கு ஒரே படங்குச் சாக்குக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, கூட்டமாகப் பாதையில் வந்த பெண்களில் ஒருத்தி. கங்காணி ராத்திரியெல்லாம் தோண்டினார். மறுநாள் கிடைத்தாள். அவர் தோண்டின குழிக்கும் அவள் கிடந்த இடத்துக்கும் இரண்டு கை தூரந்தான்.

"எங்க தோண்டுறதுன்னு தெரியாமப் போச்சேன்னு மட்டுந்தான் அப்பா சொல்லும்" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்பாவைக் கேலி பண்ணுங்க, பரவாயில்ல. வாலைக் கட்டிக்கிட்டுக் கேலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பெண்ணுக்குத்தான் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்கிறவன், வாய் அதிகம் பேசாத பையன். திருவிழாவில் பார்த்துப் பழகி, இரண்டு பேருக்கும் மனசு ஒத்து நடந்த பேச்சு அது. கங்காணியால்தான் அது கெட இருந்தது.

ஐப்பசியில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போடத் தட்டுகளோடு வந்தார்கள். நல்ல மழை. கங்காணி இந்தக் கரையில் நின்றே, "இன்னைக்கு வேணாம், திரும்புங்க" என்று கத்திச் சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பினவர்கள் பாதி வழியில் திரும்பினால் அந்தக் காரியம் விளங்காது. பூனை குறுக்கே போனால்கூட உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்களே தவிர, திரும்ப மாட்டார்கள். அன்று திரும்பினார்கள். பரிசம் பிறகு ஒருநாள், பொழுதெல்லாம் பெரிய ரோட்டைச் சுற்றி வந்து நடந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "கல்யாணத்தன்னைக்கும் எங்களைத் திருப்பினா, சம்பந்தி, நீங்க வேற மாப்பிள்ளை பாத்துக்குங்க."

தை மாதம் முகூர்த்தம். மார்கழி மழை தைக்குள்ளும் நீண்டது. கல்யாணத்துக்கு முதல்நாள் மாலைதான் விட்டது. விடிந்தால் பளீரென்று வெயில். லயத்து வாசலில் பந்தல், அடுப்பில் அண்டா, இஸ்தோப்புத் திண்ணையில் பெண்கள் கூட்டம். "மலைச்சாமி கண்ணைத் திறந்திருச்சு" என்று எல்லாருக்கும் சந்தோஷம். கங்காணி மட்டும் புது வேட்டியை மடித்துக்கட்டி, என்னைக் கூட்டிக்கொண்டு கானைப் பார்க்கப் போனார். ஒரு முனையில் தண்ணீர் முட்டிக்கொண்டு நுழைந்தது. மறுமுனை காய்ந்து கிடந்தது. நடுவில் என் கை முழங்கை வரை போகிற வெடிப்பு.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. தூரத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

நாங்கள் சரிவின் விளிம்புக்கு ஓடி வருவதற்குள் அக்கரையில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர்ந்துவிட்டது. முன்னால் தப்புக்காரர்கள், அப்புறம் தட்டு ஏந்திய பெண்கள், நடுவில் மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை, சுற்றிலும் பிள்ளைகள். கங்காணி இரண்டு கையையும் தூக்கி, "வராதீங்க! நில்லுங்க!" என்று வீரபத்திரன் குரலில் கத்தினார். வரவேற்கிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டே பாதையில் கால் வைக்க வந்தார்.

அக்கரைக்கு நான் ஓடுகிறேன் என்றேன். "இரு" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாதை முனையில் வைத்திருந்த சாக்கிலிருந்து வால்களை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். துரை கொடுத்த பழைய கயிற்றைத் தன் இடுப்பில் கட்டினார். முடிச்சுப் போட முடியாமல் விரல் ஆடியது. நான்தான் போட்டேன்.

"கண்ணை எடுக்காத. எங்க கடைசியாப் பாத்தியோ, அந்த எடத்தை மனசுல வச்சுக்க" என்றார்.

பிறகு நடந்தார். அத்தனை பெரிய உடம்பு அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. "முருகா, முருகா" என்கிறது இந்தக் கரைக்குக் கேட்டது. பச்சைப் புல்லில் அந்தச் சிவப்புக் கயிறு அவருக்குப் பின்னால் நெளிந்து நெளிந்து போனது. தப்புக்காரர்கள் முதலில் வாலைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு நடுக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தப்பாக நின்றது. கடைசியில் அவர் வாய் முணுமுணுப்பைத் தவிர வேறு சத்தமே இல்லை.

அக்கரைப் பாறையில் ஏறிக் கையாட்டினார். நான் மூச்சு விட்டேன்.

தாய்மாமன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார், "அதான் நீயே தாண்டி வந்துட்டியே! எங்களுக்கு மட்டும் என்னாய்யா?"

"நான் ஒருத்தன்" என்றார் கங்காணி. இன்னும் நடுக்கம் நிற்கவில்லை. "நீங்க இத்தனை பேரு, தட்டு, தப்பு, பச்சைப்புள்ளைங்க. மலை சத்தம் போட்டாக்கூடத் தப்புச் சத்தத்துல உங்களுக்குக் கேக்காது. நான் போனா என் மகளுக்குப் புருசன் இருக்கான். மாப்பிள்ளை போனா அவளுக்கு யாரு இருக்கா? சொல்லுங்க."

மாப்பிள்ளையின் அப்பா முன்னால் வந்தார். "சம்பந்தி, நான் அன்னைக்கே சொன்னேன். இன்னொரு தடவை திரும்ப மாட்டேன். திரும்பினா இந்தச் சம்பந்தமே வேணாம்."

"யாரு உங்களைத் திரும்பச் சொன்னது?" கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். "மேல ஏறச் சொல்றேன். முனியாண்டி மேலதான இருக்காரு? தாலியை அவரு முன்னால கட்டட்டும். உச்சிப் பொழுதுக்குள்ள ஏறிரலாம். பொண்ணு அந்தப் பக்கமா ஏறி வரும்."

இப்படி ஒரு கல்யாணத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. எந்தச் சாஸ்திரத்தில் இதைச் சேர்ப்பது என்று மாப்பிள்ளையின் அப்பா யோசித்துக்கொண்டிருந்தபோது, வாய் அதிகம் பேசாத அந்தப் பையன் தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டான்.

"மாமா, எனக்கு ஒரு வால் குடுங்க" என்றான்.

அவன் கட்டிக்கொண்டதைப் பார்த்துத் தாய்மாமன் தலையில் அடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு முன்னாலயே கயிறு கட்டிட்டாரய்யா மாமனாரு!" கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பாதிக் கோபம் போய்விட்டது.

இதெல்லாம் இந்தக் கரையிலிருந்து எனக்குக் காதில் விழுந்தது. "பொண்ணைக் கூட்டிக்கிட்டு மேல வா!" என்று கங்காணி கத்தியதும் லயத்துக்கு ஓடினேன். பந்தலுக்குள் மூச்சு வாங்க நின்று சொன்னபோது பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டார்கள். மணப்பெண் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா தாண்டிச்சா?"

"தாண்டிட்டாரு."

"நடுங்குச்சா?"

"ரொம்ப."

"அப்ப எல்லாம் சரியாத்தான் பாத்திருக்கும்" என்று எழுந்தாள். கூறைச்சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் மலை ஏறினாள்.

பூசாரி பாதி மலையில் உட்கார்ந்துவிட்டார். நானும் இன்னொருவனுமாக அவரைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். முகட்டில் காற்று ஆளைத் தூக்கியது. விளக்கு ஏற்ற முடியவில்லை. பெண்கள் முந்தானைகளை விரித்து வட்டமாக நின்று மறைத்தார்கள், அப்புறந்தான் கற்பூரம் பிடித்தது. மந்திரம் சொல்லிக்கொண்டே பூசாரி இரண்டு காலிலும் அட்டை பிடுங்கினார். இரண்டு தோட்டமும் கண்ணுக்குக் கீழே கிடந்தன, லயத்துத் தகரங்கள் வெயிலில் மின்ன. தாலி கட்டும்போது தப்பு அடித்தார்கள் பாருங்கள், அந்தச் சத்தம் இரண்டு பள்ளத்தாக்கிலும் இறங்கி, மோதி, திரும்ப மேலே வந்தது.

மாப்பிள்ளையின் துண்டு நுனியையும் பெண்ணின் முந்தானையையும் சேர்த்து முடிய வேண்டும். துண்டு ஏறும்போது எங்கேயோ முள்ளில் போய்விட்டது. பூசாரி கையில் அகப்பட்ட சிவப்பு வாலை எடுத்து முந்தானையோடு முடிந்தார். மகள் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். வீரபத்திரன் முனியாண்டி கல்லுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

இறங்கி வருகிற வழியில் முகடு குறுகலாகிற ஓர் இடம் உண்டு. அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் விட்டார். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து முடிந்திருக்கிறார்களே, அவர்களை எப்படித் தனித்தனியாக விடுவது? அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "சரி, இனிமே அது ஒரு ஆளுதான்" என்று அனுப்பினார்.

சோறு குழைந்துவிட்டது. சமையல்காரர்கள் எங்களை எதிர்பார்த்து எதிர்பார்த்து இரண்டு தடவை சூடாக்கியிருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. மலை ஏறி இறங்கின பசிக்குக் குழைந்த சோறும் பருப்பும் போன இடம் தெரியவில்லை. பந்தியின் நடுவில் தாய்மாமன் எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சம்பந்தி! உங்க மலை அங்கயேதான் நிக்குது! ஒரு கல்லுகூட உருளல!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. கங்காணி கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தார்.

"நிக்குதா? நல்லா நிக்கட்டும்! அதுக்கும் ஒரு எலை போடுங்கடா!"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பந்திக் கடைசியில் சரிவைப் பார்த்த மாதிரி ஓர் இலை போட்டு, சோறு, பருப்பு, வடை, பாயாசம் எல்லாம் தன் கையால் வைத்தார். "தின்னுட்டு அப்படியே படு" என்றார் மலையிடம்.

மழைக்காலம் முடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். பண்டாரவளை, மாத்தளை, கொஞ்சநாள் கடற்கரைப் பக்கம் உப்பு அள்ளினேன். பிறகு பத்து வருடத்துக்கு மேல் கழித்து வேறொரு வேலையாக வலப்பனைக்குப் போனவன், கால் இழுத்த பக்கமாக அந்தத் தோட்டத்துக்கு ஏறினேன். தோட்டத்து ஆட்களில் யாருக்கு எந்த நாடு என்று இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் பேசிக்கொண்டிருந்த காலம். லயங்களில் அந்தப் பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மழை இல்லை. நல்ல வெயில் காலம். மண் பொரிந்து கிடந்தது. முகட்டில் ஒரு கல்யாண ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. தப்பு, தட்டு, பிள்ளைகள். ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சிவப்புத் துணி பின்னால் காற்றில் ஆடியது.

பின்தங்கி, இன்னும் கீழே வந்துகொண்டிருந்த ஒருவரை நிறுத்தி, "மழையே இல்லையே, இது எதுக்கு?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊருங்க உங்களுக்கு? வால் கட்டாம யாராச்சும் மாப்பிள்ளை அழைப்பாங்களா?"

கோணச்சரிவின் விளிம்பில் கங்காணி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். மீசை வெளுத்துவிட்டது. பக்கத்தில் அதே சாக்கு. சரிவில் புல் மண்டி, நடுநடுவே அவர் நட்ட சவுக்குக் கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்து நின்றன.

"கங்காணி, இன்னும் சரியலைங்களே?" என்றேன்.

குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சரியலடா! இத்தனை வருசமாத் தோத்துக்கிட்டே இருக்கேன், பாத்துக்க!"

மகளுக்கு மூன்று பிள்ளைகள் என்றார். அதில் நடுவுள்ளது தன்னைப்போலப் பயந்தாங்கொள்ளி என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பக்கம் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் சாக்குக்குள் கைவிட்டார். தடுத்துப் பார்த்தேன். காய்ந்த மண், தெளிந்த வானம், சுற்றிப் போகிற முகட்டுப் பாதை. கேட்கவில்லை. அவரே எழுந்து என் இடுப்பில் கட்டிவிட்டார். இப்போது விரல் ஆடியது வயசால்.

"போ. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

எத்தனையோ ஊரைவிட்டு எத்தனையோ பாதையில் நான் கிளம்பியிருக்கிறேன். போகிறவனைப் பார்த்துக்கொண்டு யாரும் நின்றதில்லை, நானும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று முகட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். கீழே, வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, அவர் அசையாமல் நின்றார். முனியாண்டி கல்லருகே ஏறி நின்று கையாட்டினேன். அப்புறந்தான் உட்கார்ந்தார்.

பஸ்ஸில் கண்டக்டர், "அண்ணே, வாலை உள்ள இழுங்க, கதவுல மாட்டிக்கும்" என்றபோதுதான் அதை நான் அவிழ்க்கவே இல்லை என்பது தெரிந்தது.